அண்ணனின் புறங்கை

எஸ்.எம்.பி.எஸ். மாட்டுவது அண்ணன் வேலை. விண்டோஸ் ஏற்றுவது என் வேலை. கடை போட்ட அன்றைக்கே அம்மா செய்துவைத்த பாகப்பிரிவினை இது. "பொம்பளப் பிள்ள கம்ப்யூட்டர்ல என்னத்தையும் பண்ணிக்க. கரண்ட்ல மட்டும் கை வைக்காத" என்று சொல்லித்தான் என்னைக் கடைக்கு அனுப்பினாள். கம்ப்யூட்டர் என்பதே கரண்டில் ஓடுகிற சாமான்தான் என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? நான் சொல்லிப் பார்த்தேன். "எதுத்துப் பேசுறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று முடித்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். என்பது கேபினட்டுக்குள் பின்பக்க மூலையில் உட்காரும் ஒரு தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, மதர்போர்டுக்கு இவ்வளவு, ஹார்ட் டிஸ்குக்கு இவ்வளவு என்று குறைத்துப் பிரித்துக் கொடுப்பது அதுதான். பின்னால் ஒரு ஃபேன், நாலு ஸ்க்ரூ, வயிற்றிலிருந்து கொத்தாகத் தொங்கும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஒயர்கள். கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் ப்ராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்று கேட்பார்களே தவிர இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். "கல்யாணத்துக்கு வந்தவன் பொண்ணு மாப்பிள்ளையத்தான் பாப்பான். அடுப்படியில நிக்கிற சமையல்காரன யாரு கேக்குறா" என்பான் அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வாங்குவது ஒரு விசேஷம். எங்கள் கடை ஒரு பூட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அப்பா ஊரில் பல பேருக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் "வாத்தியார் பிள்ளைங்க கடை" என்று நம்பி வந்தார்கள். கேபினட்டும் மற்றதும் சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அட்டைப் பெட்டிகளைத் தோளில் வைத்து மாடிக்குக் கொண்டுவருவான். நல்ல ஆகிருதி அவனுக்கு. படி ஏறும்போது படியே குலுங்கும்.

வேலையில் அவன் சரியான நச்சு. பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது பின்பக்கத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு சுவிட்சை. 115, 230 என்று இரண்டு எண் இருக்கும். நம் ஊருக்கு 230. அது மாறிக் கிடப்பது தெரியாமல் பிளக்கைச் சொருகினால் டப்பென்று ஒரு சத்தம், ஒரு கருகல் நாற்றம், கதை முடிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பெட்டியை உள்ளே வைப்பான். ஸ்க்ரூக்களை ஒரேயடியாக முறுக்கமாட்டான். நாலையும் பாதி பாதி முறுக்கி, பெட்டியைச் சமமாக உட்கார வைத்து, அப்புறம் இறுக்குவான். மதர்போர்டில் சொருகும் பெரிய கனெக்டரைக் கட்டைவிரலால் ஒரே அமுக்கு. கிளிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்காதவரை அடுத்த வேலைக்குப் போகமாட்டான்.

கடைசியாக பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் ஒன்று செய்வான். வலது கையைத் திருப்பி, புறங்கை விரல்களால் கேபினட்டின் வெறும் தகரத்தில் லேசாகத் தடவிப் பார்ப்பான். கரண்ட் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். உள்ளங்கையால் தொட்டு, கரண்ட் கசிந்திருந்தால் விரல்கள் தானாக மூடி அதையே பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் விலகிவிடும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி இல்லாத வீட்டில் எந்தக் கேபினட்டைத் தடவினாலும் ஒரு மெல்லிய கூச்சம் தெரியும். ஆளைக் கொல்லாது, ஆனால் இருக்கும். அண்ணன் அதற்கு வைத்திருந்த பெயர், "எறும்பு ஊறுது."

"சார், எறும்பு ஊறுது. வீட்டுக்கு எர்த் போட்டுருங்க" என்று, மெஷினை வீட்டில் கொண்டுபோய் மாட்டும்போது வாங்கியவரிடம் சொல்வான். "எங்க வீட்டு மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜு எல்லாத்துலயும் இம்புட்டு நாளா ஊறிக்கிட்டுத்தான் இருக்கு தம்பி" என்பார் அவர் பெருமையாக. வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போது அம்மாவிடமும் அதே பேச்சுதான். இன்றைக்கு அங்கே எறும்பு ஊறியது, நேற்று இங்கே ஊறியது. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லாவற்றையும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் அந்தப் பெரிய கனெக்டர் அண்ணனுக்கு உள்ளே போகவில்லை. அமுக்கிப் பார்த்தான். கையை உதறிவிட்டு மறுபடி அமுக்கினான். "மலிவு சரக்கு அனுப்பிட்டாய்ங்க, பல்லு சரியில்ல" என்றான். நான் எழுந்துபோய் அமுக்கினேன். கிளிக். "சரக்கு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் வயசாகுது" என்றேன். அவனுக்கு அப்போது முப்பது கூட இல்லை. அவனும் சிரித்தான்.

அப்புறம் ஸ்க்ரூக்கள் கீழே விழ ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட நேரமானது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றி அங்கே ஒரு குழி விழுந்தது. புஜத்தில் தோலுக்கு அடியில் ஏதோ துடித்துக்கொண்டே இருக்கும். அவன் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் துடிக்கும். அம்மா ஒரு நாள் அவன் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கரண்டு" என்றாள்.

சாணார்பட்டிப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் கம்பம் ஏறும் ஆள் ஒருவருக்கு கரண்ட் அடித்துக் கை சூம்பிப்போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அது போதும் அவளுக்கு. "தெனம் எறும்பு ஊறுது எறும்பு ஊறுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னியே அப்பு. ஊறுனது எங்க போகும்? ஒடம்புலதான தங்கும்?" என்றாள். அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் சொந்தத்தில் வியாதிக்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. நாலு பேர் காப்பி குடித்தால் போதும்.

நான்தான் அடம்பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் ஊசி ஊசியாகக் குத்திச் சோதனை செய்யச் சொன்னார். முடிவு சொன்ன அன்று அறை சின்னது, கூட்டம் அதிகம் என்று அம்மாவை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அவள் பெஞ்சில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே அண்ணனும் நானும். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டர். கை முதலில், பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, மூச்சு. மெதுவாகப் போகும், சில வருஷங்கள் ஆகலாம். நிறுத்த மருந்து கிடையாது. நல்ல மனுஷர்தான், கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் ஒன்றுதான் கேட்டான். "கரண்ட் அடிச்சதுனாலயா சார்?"

"இல்லப்பா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றவர், ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒரு நல்லது என்னன்னா, உணர்ச்சி போகாது. தொட்டாத் தெரியும், சூடு தெரியும், வலி தெரியும். கடைசி வரைக்கும் எல்லாம் தெரியும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவுக்கு முன்னால் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. நாங்கள் பின்னால். வாடிப்பட்டி தாண்டும்வரை அண்ணன் ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மாட்ட கரண்டுன்னே இருக்கட்டும்" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் வீட்டில் உண்மையை உண்மையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது நான்தான். அது எனக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. "பெத்த அம்மாட்ட பொய் சொல்லச் சொல்றியா?" என்றேன்.

"நரம்பு சாகுதுன்னு சொன்னா அம்மா என்ன செய்யும்? உக்காந்து அழும். கரண்டுன்னு சொன்னா ஏதாவது செஞ்சுக்கிட்டு இருக்கும். செய்யட்டுமே."

"அப்புறம்?"

"அப்புறத்த அப்புறம் பாப்பம் பாப்பா."

பழநி ரோட்டில் பஸ் திரும்பியபோது அவனே முன்னால் போய்க் குனிந்து அம்மாவிடம் சொன்னான். கரண்டுதானாம், டாக்டரும் அதையே சொல்லிவிட்டாராம், இறங்க நாளாகுமாம். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "நாஞ் சொன்னேன்ல" என்றாள். அவள் முகத்தில் அன்று ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அவன் சொன்னது போலவே அம்மா செய்யத் தொடங்கினாள். முதலில் எர்த் குழி. அண்ணனால் மாடிப்படி ஏற முடியாமல் போனதும் கடையை வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டோம். "இந்த வீட்டுல இனி ஒரு எறும்பு ஊறக் கூடாது" என்று அம்மா ஆள் கூட்டிவந்து, கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, கம்பி இழுத்து எல்லா பிளக்குக்கும் எர்த் கொடுக்க வைத்தாள். குழி ஈரமாக இருக்கவேண்டும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். முனிசிபாலிட்டித் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ஊரில், எங்களுக்குக் குளிக்க அரை வாளி கொடுத்துவிட்டு, எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்றினாள். வாரத்துக்கொரு தடவை கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த உப்பையும் ஒரு கை அள்ளிப் போடுவாள். எர்த் குழிக்கு முன்னால் நின்று அருள்நிறை மந்திரம் சொன்ன ஒரே மனுஷி எங்கம்மாவாகத்தான் இருக்கும். நான் கேலி செய்தேன். அண்ணன் கண்ணாலேயே என்னை அடக்கினான்.

இரண்டாவது, எண்ணெய். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியர் கரண்ட் அடித்தவர்களுக்குப் பார்ப்பார் என்று யாரோ சொல்ல, வாடகைக் காரில் கூட்டிப்போனாள். அவர் அண்ணன் கையைத் தொட்டுப் பார்த்தார், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்கம்மா, கரண்டு நரம்புல தங்கிப் போச்சுங்க. எண்ணெய் ஊத்தித்தான் எறக்கோணும். தோலு செவக்கற சூட்டுல ஊத்துங்க. இப்ப அவருக்குச் சூடு தெரியாதுங்க. என்னைக்குச் சுருக்குன்னு தெரியுதுங்கறாரோ, அன்னைக்கு எறங்கிருச்சுன்னு வச்சுக்கங்க. அப்பறம் கை தானா மேல வந்துரும்."

மறுநாள் காலையில் அம்மா வேப்பெண்ணெயும் இன்னும் ஏதேதோ வேரும் போட்டு இரும்புச் சட்டியில் காய்ச்சினாள். வீடெல்லாம் கசப்பு வாடை. அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, கையைப் பலகையில் நீட்டி, கரண்டியால் எடுத்து முழங்கையிலிருந்து விரல் வரை ஊற்றினாள். அண்ணனின் தாடை இறுகியது. ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை.

"தெரியுதா அப்பு?" என்று கேட்டாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணும் தெரியலம்மா" என்றான்.

அம்மா வெளியே போனதும் நான் அவன் மேல் பாய்ந்தேன். "லூசா நீ? சுடுதுன்னு சொல்லு. இன்னியோட நிப்பாட்டிரும்."

"சுடுதுன்னு சொன்னா, கரண்டு எறங்கிருச்சுன்னு நெனைக்கும். நாளைக்குக் காலையில கையத் தூக்குன்னு வந்து நிக்கும். தூக்க முடியுமா என்னால?" என்றான். "தெரியலன்னு சொன்னா இன்னும் எறங்கலன்னு அர்த்தம். நாளைக்கு எறங்கும்னு இருக்கும்ல. அம்மாவுக்கு அது போதும்."

அன்றிலிருந்து தினமும் எண்ணெய். தினமும் அதே கேள்வி, அதே பதில். நான் என்னால் ஆனதைச் செய்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் அடுப்பைக் குறைப்பேன், சட்டியை இறக்கி வைப்பேன். அவள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுவாள். "ரொம்பச் சூடும்மா, தோலு கொப்பளிச்சுரும்" என்று சண்டை போடுவேன். "உனக்குச் சுடும். அவனுக்குச் சுடாது" என்பாள். ஊற்றும்போது அண்ணன் கண்ணில் தண்ணீர் நிற்கும். அவன் தன் விதியை நொந்து அழுகிறான் என்று அம்மா நினைத்து, முந்தானையால் துடைத்து, "அழாத அப்பு, மாதா கை விடமாட்டா" என்று மிச்ச எண்ணெயையும் ஊற்றுவாள். அந்த நேரத்தில் நான் முன்னறைக்குப் போய் ஏதாவது ஒரு கேபினட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே இருக்க முடியாது.

இதற்குள் கரண்டில் கை வைக்கக் கூடாது என்ற சட்டம் தானாகவே செத்துப்போயிருந்தது. பெட்டி மாட்டுவதும் நான்தான், ஒயர் சொருகுவதும் நான்தான். அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பான். ஒயர் ஃபேனில் படுது, அந்த ஸ்க்ரூ ஏறலை, இதை இந்தப் பக்கமா மடக்கு. "வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்பேன். "அதுவும் போகப் போகுது, அதுக்குள்ள பேசிக்கிறேன்" என்பான். இப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். வேறு எப்படி இருப்பது?

அடுத்தடுத்த வருஷங்களில் கால்கள் போயின. பேச்சு குழறியது, எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் புரியும். கைகள் இரண்டும் நாற்காலிக் கையில் வைத்தது வைத்தபடி கிடக்கும். எண்ணெய் மட்டும் நிற்கவில்லை.

ஒரு கோடையில், மத்தியான நேரம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது மெஷின் ஒன்று முடித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு சுவிட்ச் பார்த்தாயிற்று, ஸ்க்ரூ இறுக்கியாயிற்று, கிளிக் கேட்டாயிற்று. பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கரில் ஒரு பீப். மெஷின் நல்லபடியாக உயிர் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில் அண்ணன் முகத்தில் பழைய சந்தோஷம் அப்படியே வரும். அவன் கண்ணால் கேபினட்டைக் காட்டினான். தொட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறான். எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, மதியச் சாப்பாடு ஆகவில்லை. "எர்த்தெல்லாம் இருக்கு. நம்பிக்கை இல்லன்னா நீயே பாத்துக்க" என்று அவன் வலது கையைத் தூக்கி, திருப்பி, புறங்கை விரல்களைத் தகரத்தில் லேசாகப் படும்படி வைத்தேன்.

அண்ணன் சிரித்தான். வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தை, யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. "எறும்பு ஊறுது."

மந்திரித்த உப்பு கொல்லையில் எர்த் கம்பியைத் தின்று தீர்த்திருக்கிறது என்று பிறகு தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. ஏனென்றால் அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கத்தப்போகிறாள் என்று அவன் கையைச் சட்டென்று எடுத்தேன். அவள் கத்தவில்லை. மெதுவாக வந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "என்ன சொன்ன அப்பு? உனக்குத் தெரிஞ்சுச்சா?"

அண்ணனின் கண்கள் என்னிடம் வந்தன, பிறகு அவளிடம் போயின. இல்லை என்று சொல்ல இப்போது வழியில்லை. "தெரிஞ்சுச்சும்மா" என்றான்.

அம்மா அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கரண்ட் இறங்கிவிட்டது. அன்று சாயந்தரமே கோயிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பாயசம் வைத்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் டம்ளர் டம்ளராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "என் பிள்ளைக்குக் கையில உணர்ச்சி வந்துருச்சு. இனி தூக்கிருவான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். எல்லோரும் "மாதா புண்ணியம்" என்றார்கள். நானும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

எண்ணெய் நின்றது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. காலையில் அவனுக்கு முகம் கழுவிவிட்டதும் அம்மா எதிரில் உட்கார்ந்துகொண்டு, "செத்தத் தூக்கு பாப்பம் அப்பு. ஒரு விரலு போதும்" என்பாள். அண்ணன் முயற்சி செய்வான். நிஜமாகவே முயற்சி செய்வான். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், வாயோரம் எச்சில் வழியும். கை அசையாது. அம்மா எச்சிலைத் துடைத்துவிட்டு, "சரி விடு, நாளைக்குப் பாப்பம்" என்று எழுந்து போவாள். எண்ணெய் ஊற்றிய காலத்தில் அவனைப் பார்க்க முடியாமல் முன்னறைக்கு ஓடினேன் என்றேனே, இதைப் பார்க்கும்போது எண்ணெயே தேவலை என்று இருந்தது. அண்ணனும் ஒரு நாள் என்னிடம் அதைத்தான் சொன்னான். "சூடே பரவால்ல பாப்பா" என்றான்.

நாட்கள் போகப்போக அம்மா கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு கேட்கவே இல்லை. நம்பிக்கை எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள், அதைத்தான் நான் கவனித்தேன்.

மழைக்காலத்தில் அவனுக்குச் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட வந்த இரண்டு நர்ஸுகளில் ஒருத்தி, கை செத்துத்தானே கிடக்கிறது என்பது போல வேகமாகக் குத்தப்போன இன்னொருத்தியைத் தடுத்து, "பாத்து மெதுவாக் குத்து. இந்த நோயில அசைவுதான் போகும். வலியெல்லாம் ஆரம்பத்துலருந்து நமக்கு மாதிரியே தெரியும்" என்றாள். அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் போர்வையை இழுத்து அவன் கையை மூடினாள்.

அண்ணன் அங்கேயே போய்விட்டான். காலையில், கோயில் சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெயைப் பூசிப்போன பிறகு. நெற்றியிலும் உள்ளங்கையிலும் சாமியார் அந்த எண்ணெயைத் தொட்டு வைத்தபோது அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அம்மா கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்" என்றாள்.

"கேளு."

"அவனுக்கு மொதல்லருந்தே சூடு தெரிஞ்சுச்சா?"

இத்தனை வருஷமாக அவளிடம் போட்டு உடைக்கவேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தது அதுதான். பஸ்ஸில் ஒரு தடவை, அடுப்படியில் எத்தனையோ தடவை, சொல்லிவிடுகிறேன் என்று அண்ணனை மிரட்டியிருக்கிறேன். இப்போது தடுக்க அவன் இல்லை. அம்மாவே கேட்கிறாள்.

"இல்லம்மா. தெரியல. பின்னாலதான் தெரிய ஆரம்பிச்சுச்சு" என்றேன்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்ப எண்ணெ ஊத்துறப்பல்லாம் அவன் கண்ணுல ஏன் தண்ணி வந்துச்சு?"

"புகைம்மா. வேப்பெண்ணெப் புகை கண்ணக் கரிக்கும்ல."

அவள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள். நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் அம்மா. "எனக்குந்தான் கரிச்சுச்சு."

பிறகு தேய்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்த்தினாள். நான் கழுவி வைத்தேன்.